டீசல் காருக்குப் பெட்ரோல் பம்பு பொருந்துமா?

சங்கங்களின் கணக்குகளைப் பரிசீலனை செய்யச் செல்லும் நமக்கும் மோட்டார் வண்டியின் பம்புக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். 2023ஆம் ஆண்டு ஆவணி மாதம் வரையில் நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த மாதத்தில் நாம் பார்வையிட்டு, சரியென்று பச்சை மையால் குறியிட்ட ஒரு வவுச்சர், இரண்டு மாதங்களுக்குள் ஒரு சங்கத்தையே திணற வைத்துவிட்டது. ஆகவே இதை எழுதும் கடமை நமக்கு உண்டு.

அது ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். பெயர் இங்கே அவசியமில்லை. அச்சங்கத்துக்குச் சொந்தமான பழைய டீசல் கார் ஒன்று, பின் ஆசனத்தை மடக்கிவிட்டு நூல் சிப்பங்களை ஏற்றி வரவும், நெய்த சேலைகளைக் கிடங்குக்குக் கொண்டு செல்லவும் உபயோகப்பட்டு வந்தது. ஒரு நாள் கார் கிளம்ப மறுத்தது. எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் மின்சாரப் பம்பு பலவீனமடைந்துவிட்டதாகப் பட்டறைக்காரர் கண்டு சொன்னார். அது சரியான கணிப்பே. புதிய பம்பின் விலை 9,500 ரூபாய். ஆனால் அதே கம்பெனியின் அதே உருவமுள்ள பெட்ரோல் கார் ஒன்று காயலான் கடையில் உடைபட்டுக் கிடக்கிறது. அதன் பம்பை 2,200 ரூபாய்க்கு வாங்கிப் பூட்டிவிடலாம் என்று அவர் யோசனை கூறினார். தொட்டி ஒன்று, வாயின் அளவு ஒன்று, மேலே பூட்டும் வளையமும் ஒன்று. பெட்ரோலைத் தள்ளுகிற பம்பு டீசலைத் தள்ளாதா என்பது அவருடைய வாதம். நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் நிறைவேற்றியது. 7,300 ரூபாய் மிச்சம் என்று காரியதரிசி மகிழ்ந்தார். தீர்மானமும் ரசீதும் ஒழுங்காக இருந்தபடியால் நாமும் அவரது சிக்கனத்தைப் பாராட்டிவிட்டு வந்தோம்.

பம்பு வேலை செய்யத்தான் செய்தது. 39 நாட்கள் ஓடிய பிறகு, தீபாவளி விற்பனைக்குரிய சேலைகளை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் கார் நின்றது. இம்முறை தொட்டியின் பம்பு மட்டுமல்ல, யந்திரத்தோடு இணைந்த உயர் அழுத்தப் பம்பும் நான்கு நாசில்களும் கெட்டுப்போயிருந்தன. செலவு 58,400 ரூபாய். சரக்கு ஒன்பது நாள் தாமதமாகக் கிடங்கு சேர்ந்தது. அதனால் பணம் தாமதித்தது. பண்டிகைக்கு முந்திய வாரத்தில் கையில் இருக்க வேண்டிய கூலி, பண்டிகை கழிந்த பிறகே நெசவாளர் கைக்குச் சென்றது.

உருவம் ஒன்றாயிருக்கும் இரு பம்புகளில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை ஏன் வைக்கக் கூடாது? இதைப் புரிந்துகொள்ளச் சற்று அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பெட்ரோல் யந்திரத்தில் எரிபொருள் காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் செல்கிறது. அங்கே பிளக்கின் மின்பொறி அதைப் பற்றவைக்கிறது. டீசல் யந்திரத்தில் பிளக்குப் பொறி கிடையாது. முதலில் வெறும் காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதை இருபதில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறுக்குகிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். அதே சூடுதான் இங்கே 500 டிகிரிக்கும் மேலாக ஏறுகிறது. அந்த வெந்த காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் இறுக்கப்பட்ட அந்தக் காற்று 30 அல்லது 40 பார் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை எதிர்த்து உள்ளே புகவும், புகும்போதே புகைபோல் நுண்துளிகளாகச் சிதறவும் வேண்டுமென்றால் எண்ணெயின் அழுத்தம் அதைப்போலப் பல மடங்கு இருந்தாக வேண்டும்.

பார் என்ற கணக்கு விவசாய அங்கத்தினர்களுக்கு எளிதில் விளங்கும். தண்ணீரைப் 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றத் தேவையான அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். இன்றைய சாதாரணப் பெட்ரோல் காரின் தொட்டிப் பம்பு 3 முதல் 4 பார் வரை தருகிறது. அதாவது 40 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து நீரேற்றுவதற்கு ஈடு. பழைய டீசல் கார்களில் நாசில் திறப்பதற்கே நூறு பாருக்கு மேல் வேண்டும். 'காமன் ரெயில்' என்னும் தற்கால முறையிலோ 1,600 பார், 2,000 பார் என்பவை சர்வ சாதாரணம். 1,600 பார் என்பது தண்ணீரைப் 16 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்குச் சமமான அழுத்தம். இந்த இரண்டுக்கும் நாம் 'பம்பு' என்ற ஒரே பெயரைச் சூட்டியிருப்பதுதான் குழப்பத்தின் ஆரம்பம்.

உண்மையில் டீசல் காரில் பம்பு வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தொட்டியிலிருந்து எண்ணெயை யந்திரம் வரையில் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு வேலை. இதைச் செய்வது ஃபீட் பம்பு. வந்த எண்ணெயை இறுக்கி நாசிலுக்கு அனுப்புவது மற்றொரு வேலை. பழைய வண்டிகளில் இந்த இரண்டாவது பம்பு எண்ணெயை அளந்தும் கொடுத்தது. எந்தக் கணத்தில் கொடுக்க வேண்டுமோ அந்தக் கணத்தில் கொடுத்தது. சிறிய கார் ஒன்றில் ஒரு தடவைக்குச் செல்லும் டீசல், ஓரிரு அரிசி மணிகளின் பருமனுக்கு மேல் போகாது. அந்த அளவை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை பிசகாமல் அளந்து கொடுக்கும் சாதனத்தைப் பம்பு என்பதைவிடத் தராசு என்று சொல்லலாம் போலிருக்கிறது.

இத்தகைய சாதனத்தைச் செய்வது எளிதாயிருக்கவில்லை. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897இல் ஓட்டிக் காட்டிய யந்திரத்தில், எண்ணெயை உள்ளே செலுத்த இறுக்கிய காற்றையே பயன்படுத்தினார். அதற்கெனத் தனியாக ஒரு பெரிய காற்றமுக்கி வேண்டியிருந்ததால், அந்த யந்திரம் ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் உதவியதே தவிர, சாலை வண்டிக்குள் அடங்கவில்லை. ராபர்ட் பாஷின் தொழிற்சாலை 1922இல் எண்ணெய்ப் பம்பு செய்யும் முயற்சியில் இறங்கி, 1927இல்தான் அதைப் பெருவாரியாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. மெர்சிடஸ் கம்பெனியின் 260 டி என்ற டீசல் கார் 1936இல் வெளிவந்தது. நம் நாட்டில் பெங்களூரில் 1951இல் ஏற்பட்ட மைகோ கம்பெனி இவ்வகைப் பம்புகளைச் செய்து பழக்கப்படுத்தியது. 2008இல் அக்கம்பெனியின் பெயர் பாஷ் என்று மாறிவிட்ட போதிலும், நம் ஊர்ப் பட்டறைகளில் 'மைகோ பம்பு' என்ற சொல் இன்றும் வழங்குகிறது. காமன் ரெயில் முறை கார்களுக்கு வந்தது 1997இல், இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 156 மூலமாக.

உயர் அழுத்தப் பம்பை இரு கார்களுக்கிடையே மாற்ற முடியாது என்பது இதிலிருந்து விளங்கும். எந்தப் பட்டறைக்காரரும் அதற்குத் துணிய மாட்டார். ஏமாற்றம் நேர்வதெல்லாம் தொட்டிப் பம்பில்தான். பார்வைக்கு அது ஒன்றுபோலவே இருக்கிறது. ஒரே காரைப் பெட்ரோலிலும் டீசலிலும் விற்கும் கம்பெனிகள் உடலையும் தொட்டியையும் பெரும்பாலும் பொதுவாகவே வைத்துக்கொள்வது வழக்கம். 1998இல் வந்த டாட்டா இண்டிகாவும், பிற்பாடு மாருதி ஸ்விஃப்டும் இப்படி இரு வகையாக விற்கப்பட்டவையே. அதற்கும் முந்திய காலத்துக் கார்களில் தொட்டிக்குள் பம்பு கிடையாது. யந்திரத்தின் பக்கவாட்டில், கேம் தண்டு இடிக்கும் ஒரு நெம்பினால் அசையும் ரப்பர்த் திரை கொண்ட சிறு பம்பு இருந்தது. பெட்ரோல் காருக்கும் டீசல் காருக்கும் அது ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இருந்தது. அழுத்தமும் சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டுகளே. அவசரத்துக்கு ஒன்றை மற்றொன்றில் பூட்டி ஊர் வந்து சேர்ந்த டிரைவர்களின் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அந்தக் கதைகளின் பலத்தில்தான் நமது பட்டறைக்காரரும் பேசினார். அந்தப் பம்பு போய்விட்டது. கதை மட்டும் மிச்சமிருக்கிறது.

தற்காலத் தொட்டிப் பம்பின் சூட்சுமம் என்னவென்றால், அதன் மின்மோட்டார் எரிபொருளுக்குள்ளேயே மூழ்கிச் சுழல்கிறது. மோட்டாரின் சுருள்களை உரசிக்கொண்டு ஓடும் எரிபொருளே அதைக் குளிர்விக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டாரை வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியல்ல. தண்ணீர் வற்றிய குழாயில் அது ஓடினால் என்ன ஆகும் என்பதை ரூபாய்க் கணக்கில் அறிந்தவர்கள் அவர்கள். பெட்ரோல் பம்பின் மோட்டார், பெட்ரோலின் மெல்லிய ஓட்டத்துக்கென்று அளவிடப்பட்டது. டீசல் அதைவிடத் தடித்தது. குளிர்ந்த காலையில் இன்னும் தடிக்கும். அதை இழுக்க மோட்டார் கூடுதல் மின்சாரத்தை எடுக்கிறது, சூடேறுகிறது, வேகம் குறைகிறது, தள்ளும் அளவும் குறைகிறது.

அளவு குறைந்தால் கார் சற்று மெதுவாகப் போகும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். இங்கேதான் நாம் குறிப்பிட்ட சங்கம் 58,400 ரூபாய் இழந்தது. டீசல் வண்டியில் தொட்டிப் பம்பு அனுப்பும் எண்ணெய் முழுவதும் எரிவதற்காகச் செல்வதில்லை. அதில் ஒரு பெரும் பங்கு உயர் அழுத்தப் பம்பின் உட்பாகங்களை நனைத்து, உராய்வைத் தணித்து, சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி தொட்டிக்கே திரும்பி வருகிறது. காமன் ரெயில் கார்களின் உயர் அழுத்தப் பம்புக்கு இந்த டீசலைத் தவிர வேறு மசகு கிடையாது. உள்ளே உருளைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் சில கூறுகளே. ரப்பர் வளையமோ தோல் வளையமோ வைக்க அங்கே இடமில்லை. எண்ணெய்ப் படலமே அடைப்பு, அதுவே மசகு. உருளையையும் தண்டையும் ஒன்றோடொன்று தேய்த்து இணைத்த சோடியாகவே தயாரிக்கிறார்கள். ஒரு டீசல் பம்பின் தண்டை அதே இனத்து வேறொரு டீசல் பம்பின் உருளையில் போட்டாலும் பொருந்தாது. இப்படிப்பட்ட பம்பு எண்ணெய்க்குத் தவித்து ஓடும்போது உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. கண்ணுக்குத் தெரியாத பொடி உதிர்ந்து நாசில்களின் மயிரிழைத் துளைகளுக்குப் போகிறது. 39 நாளில் நடந்தது இதுவே.

இன்னொரு சங்கதியும் உண்டு. பெட்ரோல் கார்கள் பலவற்றின் தொட்டிப் பம்பிலேயே அழுத்தத்தைச் சீராக்கும் உறுப்பு அடங்கியிருப்பதால், யந்திரத்திலிருந்து எரிபொருள் திரும்பி வரக் குழாய் வைப்பதில்லை. டீசலுக்கோ திரும்பும் குழாய் இன்றியமையாதது. ஆகையால் இந்த மாற்றத்தைச் செய்யும் பட்டறைக்காரர் எங்கேயாவது ஒரு துளையிட்டு, ஒரு கிளிப்பை இறுக்கி, ஒப்பேற்றியாக வேண்டியிருக்கிறது. மேலும் சில டீசல் கார்களில் தொட்டிக்குள் மின்பம்பே இராது. உயர் அழுத்தப் பம்போடு சேர்ந்த பல்சக்கரப் பம்பு ஒன்று தொட்டியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அத்தகைய காரில் பெட்ரோல் பம்பைப் பூட்டினால், உறிஞ்சுவதற்கென்று அமைந்த பாதையில் தள்ளும் அழுத்தம் ஏறிவிடும்.

நெசவாளருக்கு இதை விளக்கப் பிரயாசைப்பட வேண்டியதில்லை. 40ஆம் நம்பர் நூலுக்குக் கட்டிய அச்சும் 80ஆம் நம்பர் நூலுக்குக் கட்டிய அச்சும் நீளத்தில் ஒன்றாயிருந்தால் தறியில் இரண்டும் உட்காரத்தான் செய்யும். உட்கார்ந்துவிட்டதே என்று எவரும் பாவைப் பூட்டி நெய்வதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டீசல் காரின் தொட்டிப் பம்பைப் பெட்ரோல் காரில் வைத்தால் என்ன? சில டீசல் பம்புகள் ஒரு பாருக்கும் குறைவான அழுத்தமே தருபவை. பெட்ரோல் கார் கிளம்பாது, அல்லது இழுவையின்றித் திணறும். அழுத்தம் போதுமானதாயிருந்தாலும் பெட்ரோலில் டீசலின் வழுவழுப்பு இல்லை. தவிர, இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோல் வெறும் பெட்ரோலும் அல்ல. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி முதல் நாட்டில் படிப்படியாக விற்பனைக்கு வந்தது. அந்த எத்தனாலில் ஒரு பங்கு கரும்பிலிருந்து வருவதால் நம் கரும்பு விவசாயிகளுக்கு அது நல்ல செய்தியே. ஆனால் அதற்கென்று தேர்ந்தெடுக்காத ரப்பரையும் சில உலோகங்களையும் அது கெடுக்கும். டீசலுக்குச் செய்த பம்பின் வளையங்கள் அதைத் தாங்கும் என்று நம்ப ஆதாரமில்லை. கசிந்தால் டீசல் தரையில் கறையாக நிற்கும். பெட்ரோல் ஆவியாகித் தீக்குக் காத்திருக்கும்.

பெட்ரோலிலும் உயர் அழுத்தப் பம்பு உள்ள கார்கள் இப்போது வருகின்றனவே என்று விவரமறிந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் வாதாடினார். உண்மைதான், நேரே சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் கார்களில் 200 முதல் 350 பார் வரை உண்டு. ஆனால் அந்தப் பம்பை அசைக்கும் கேமும் உருளியும் யந்திரத்தின் எஞ்சின் ஆயிலில் நனைகின்றன. பெட்ரோலை நம்பி அவற்றை விடவில்லை. செய்தவர்களே பெட்ரோலை மசகாக நம்பவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

டீசலின் வழுவழுப்பும் இயற்கையாக அப்படியே கிடைப்பதாக எண்ணிவிடக் கூடாது. கந்தகத்தை நீக்கும்போது மசகுத் தன்மை தரும் சில சத்துக்களும் போய்விடுகின்றன. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆதலால் இழந்த வழுவழுப்பை ஈடுசெய்ய மருந்து சேர்த்தே விற்கிறார்கள். அதில் மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ கலப்பவர் பம்பின் மசகைக் கழுவுகிறார்.

ஒரு வகை வண்டிக்குரிய பழக்கத்தை மற்ற வகைக்குக் கொண்டுபோவதால் பெரிய கம்பெனிகளே பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1978ஆம் ஆண்டு மாடலாக ஓல்ட்ஸ்மொபைல் டீசல் கார்களை விற்கத் தொடங்கியபோது, டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் சாதனத்தை அவற்றில் வைக்கவில்லை. தொட்டியில் சேர்ந்த நீர் பம்பையும் நாசிலையும் துருப்பிடிக்கச் செய்தது. குளிர்காலத்தில் பெட்ரோல் தொட்டியின் ஈரத்தைப் போக்க ஆல்கஹால் ஊற்றிப் பழகியிருந்த சொந்தக்காரர்கள், டீசல் தொட்டியிலும் அதையே ஊற்றினார்கள். பம்பின் உள் வளையங்கள் அதனால் கெட்டன. யந்திரத்தின் வேறு குறைகளும் சேர்ந்துகொள்ள, 1985க்குப் பிறகு அந்த யந்திரத்தையே கைவிட்டார்கள்.

இனி நம் சங்கத்தின் வவுச்சருக்கு வருவோம். தணிக்கையில் இந்தச் செலவு ஆட்சேபிக்கப்பட்டு, காரியதரிசி மீது தண்டத்தீர்வை போட வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. அவர் கையில் ஒரு காசும் ஒட்டவில்லை. சங்கத்துக்கு மிச்சம் பிடிக்கவே செய்தார். முதல் வவுச்சரில் நம்முடைய பச்சைக் குறியும் இருந்ததை நாம் மறைக்காமல் எழுதிக் கொடுத்தோம். பொறுப்பு நிர்வாகக் குழு முழுவதுக்கும் உரியதென்று முடிவாயிற்று. தனிப்பட்ட வசூல் ஏற்படவில்லை. இது சரியான முடிவென்றே இன்றும் கருதுகிறோம். ஆனால் நெசவாளருக்குத் தாமதித்த கூலியை எந்தத் தணிக்கைக் குறிப்பும் முன்தேதியிட்டுத் தந்துவிடாது.

அதன் பின் உதிரி உறுப்பு வாங்கிய எந்த வவுச்சரையும் பார்க்கும்போது, உறுப்பின் மேல் பொறித்திருக்கும் எண் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். கழற்றிய உறுப்பின் எண்ணும் பூட்டிய உறுப்பின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறுபட்டால், இதற்கு அது பதில் என்று கம்பெனியின் உதிரிப் பட்டியலில் இருப்பதைக் காட்டும் தாள் வேண்டும். பழைய உறுப்பு வாங்குவதை நாம் தடுக்கவில்லை. அதே டீசல் காரின் பழைய பம்பு நல்ல நிலையில் கிடைத்தால், எண்ணைப் பார்த்து, ஃபில்டரையும் புதிதாகப் போட்டு, தாராளமாக வாங்கலாம். கழற்றிய பழைய உறுப்பைப் பட்டறையிலேயே விட்டுவராமல் சங்கத்துக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. எதைக் கழற்றினார்கள் என்று பிறகு கேட்டால் காட்ட அது ஒன்றே இருக்கும்.

பம்பை மாற்றாமலே இதே நஷ்டத்தை அடையும் வழி ஒன்று உண்டு. பங்கில் அவசரமாக நின்று, டீசல் காருக்குப் பெட்ரோல் போட்டுவிடுவது. அப்படி நேர்ந்துவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. யந்திரம் ஓடாவிட்டாலும், பல கார்களில் சாவியைத் திருப்பியவுடன் தொட்டிப் பம்பு ஓட ஆரம்பித்துப் பெட்ரோலை முன்னே தள்ளிவிடும். வண்டியைக் கையால் ஓரமாகத் தள்ளி நிறுத்தி, தொட்டி முழுவதையும் வடித்துவிட்டு, டீசல் நிரப்பி, குழாயில் பிடித்த காற்றை வெளியேற்றிய பிறகே கிளப்ப வேண்டும். வடித்ததை வேறு எந்த வண்டியிலும் ஊற்றக் கூடாது; அது இப்போது பெட்ரோலும் அல்ல, டீசலும் அல்ல.